சென்ட்ரலா, எழும்பூரா?

ஊருக்குக் கிளம்பிய சந்தோஷத்தில் தப்பான ஸ்டேஷனில் போய் நின்றால் என்ன ஆகும்? ரயில் போயே போச்சு! சென்னையில் அந்த ஆபத்து உண்டு குட்டீஸ். இங்கே பெரிய ஸ்டேஷன்கள் இரண்டு.

மணிக்கூண்டு வைத்த சிவப்புக் கட்டடம்தான் சென்ட்ரல். 1873-ல் திறந்தது. டெல்லி, மும்பை, பெங்களூரு, கோவை ரயில்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான். மதுரை, நெல்லை, ராமேஸ்வரம் பக்கம் என்றால் பெரும்பாலும் எழும்பூர். அது 1908-ல் திறந்தது.

எதற்கு இரண்டு? அந்தக் காலத்தில் இவை வேறு வேறு ரயில் கம்பெனிகளின் ஸ்டேஷன்கள். தண்டவாளமும் வேறு! சென்ட்ரலில் அகலப்பாதை, எழும்பூரில் ஒரு மீட்டர் அகல மீட்டர்கேஜ். இந்த ரயில் அந்தத் தண்டவாளத்தில் ஓடவே முடியாது. பின்னாளில் எல்லாம் அகலப்பாதை ஆகியும், பழைய பிரிவினை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

எனவே, முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். 'எம்.ஏ.எஸ்.' என்றால் சென்ட்ரல், 'எம்.எஸ்.' என்றால் எழும்பூர். ஓர் எழுத்துதான் வித்தியாசம், அப்பாவே ஏமாந்துவிடுவார்! 'டி.பி.எம்.' என்று இருந்தால் தாம்பரம்.

தி.நகர் குட்டீஸ், மாம்பலத்தில் கடற்கரை செல்லும் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் எழும்பூர். அடுத்தது பார்க், அங்கே இறங்கிச் சாலையைக் கடந்தால் சென்ட்ரல். ஆபீஸ் நேரத்தில் மட்டும் பெட்டி, படுக்கையோடு அதில் ஏறிவிடாதீர்கள்... ஆட்டோவே மேல்!