சிறிய என்ஜினில் ஆயிரம் குதிரை சக்தி! வெடிக்காமல் ஓட வைத்தது எப்படி?

அந்த என்ஜினின் கொள்ளளவு 1½ லிட்டர்தான். சாதாரண வாடகைக் காரில் இருக்கும் என்ஜினின் அளவு. அதில் இருந்து 1,000 குதிரை சக்திக்கு மேல் கறந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

நம்பித்தான் ஆகவேண்டும். 1980-களில் 'பார்முலா-1' உலக கார் பந்தயத்தில் இது நடந்தது.

சக்தியைக் கூட்டுவது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. சுமார் 300 கிலோ மீட்டர் பந்தயம் முடியும் வரை என்ஜினை உடையாமல் ஓட வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அதற்காகப் பல நாட்டு என்ஜினீயர்கள் பத்து ஆண்டுகள் தலையைப் பிய்த்துக் கொண்டார்கள். கோடிக்கணக்கில் பணம் கரைந்தது. ஒரு சிறிய சக்கரம் பழுதானதால் உலக சாம்பியன் பட்டமே கைநழுவிப் போனது.

நமது ரெயில் என்ஜினில் உள்ளதுதான்

இந்த அதிசயத்துக்குக் காரணம் 'டர்போ' என்ற கருவி. இது நமக்குப் புதியது அல்ல. மும்பையில் இருந்து சென்னை செல்லும் பாதையில், மின்கம்பி இல்லாத நீண்ட தூரத்துக்குப் பல ஆண்டுகள் டீசல் என்ஜின்தானே ரெயிலை இழுத்தது? 'டபிள்யூ.டி.எம்.-2' என்ற அந்த என்ஜினிலும் டர்போ இருந்தது.

வண்டி புறப்படும்போது அந்த என்ஜின் கரும்புகையைக் கக்கியது நினைவிருக்கிறதா? டிரைவர் கைப்பிடியைத் திருப்பியதும் டீசல் உடனே பாய்ந்துவிடும். காற்று மட்டும் பின்தங்கி வரும். டர்போ வேகம் பிடிக்கும் வரை டீசல் முழுதாக எரியாது. அதனால்தான் அந்தப் புகை.

டர்போ செய்யும் வேலை எளிது. என்ஜின் வெளியேற்றும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் உண்டு. அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, சிலிண்டருக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரியும். சக்தி கூடும். வீணாகப் போகும் புகையைக் கொண்டே இத்தனையும் நடக்கிறது. சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் புச்சி 1905-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

இப்போது ஒரு கணக்கு. ரெயில் என்ஜினின் ஒரு சிலிண்டர் மட்டும் கிட்டத்தட்ட 11 லிட்டர். அப்படி 16 சிலிண்டர்கள். மொத்த சக்தி 2,600 குதிரை. அதாவது ஒரு லிட்டருக்குச் சுமார் 15 குதிரை. பந்தய என்ஜினிலோ ஒரு லிட்டருக்கு 500 குதிரைக்கு மேல்!

ரெயில் என்ஜின் நிமிடத்துக்கு அதிகபட்சம் 1,000 சுற்று சுற்றும். பல ஆண்டுகள் உழைக்கும். பந்தய என்ஜின் 10,000 சுற்றுக்கு மேல் சுற்றும். அது உழைக்க வேண்டியது இரண்டு மணி நேரம்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் உயிரோடு இருப்பதே பெரும் போராட்டம்.

சிரித்தார்கள்

3 லிட்டர் சாதாரண என்ஜின் வைக்கலாம், அல்லது காற்றை அழுத்தித் தள்ளும் 1½ லிட்டர் என்ஜின் வைக்கலாம் என்று 1966-ம் ஆண்டில் விதி வகுக்கப்பட்டது. இரண்டாவது வழியில் போக வெகு காலம் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பிரான்சு நாட்டின் ரெனால்ட் கம்பெனி துணிந்தது. 1977-ம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் அதன் மஞ்சள் நிற டர்போ கார் இறங்கியது. பாதியிலேயே டர்போ பழுதாகி நின்றுவிட்டது. அடுத்தடுத்த பந்தயங்களிலும் அதே கதை. புகை விட்டு நிற்கும் அந்த காருக்கு 'மஞ்சள் டீ கெண்டி' என்று கேலிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ரெனால்ட் பின்வாங்கவில்லை. ஒரு பெரிய டர்போவை எடுத்துவிட்டு, இரண்டு சிறிய டர்போக்களை வைத்தார்கள். சிறிய சக்கரம் சீக்கிரம் வேகம் பிடிக்கும் அல்லவா? 1979-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பிரான்சில் உள்ள டிஜோன் நகரில் ஜீன்-பியர் ஜாபுய் வெற்றி பெற்றார். பார்முலா-1ல் டர்போ காருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

எதிரி யார்? சூடு!

டர்போ என்ஜினைக் கொல்வது எது? ஒரே வார்த்தையில் சொன்னால், சூடு.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும். வெளிக்காற்றைப்போல் 4 மடங்கு அழுத்தினால் சூடு 200 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று விரியும். ஆகவே சிலிண்டருக்குள் குறைவாகவே போகும். அதோடு ஆபத்தும் உண்டு.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, பிளக் பொறி விட்ட இடத்தில் இருந்து வரிசையாக எரிந்துகொண்டு போகவேண்டும். சூடும் அழுத்தமும் அளவு மீறினால், மிச்சக் கலவை தானாகவே ஒரே நொடியில் வெடிக்கும். இதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் 'என்ஜின் நாக் ஆகிறது' என்கிறோம். சாதாரண காரில் இது வெறும் சத்தம். பந்தய என்ஜினிலோ சில வினாடிகளில் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும்.

இதைத் தடுக்க அவர்கள் செய்த வேலைகளைப் பாருங்கள்:

அழுத்திய காற்றை 'இன்டர்கூலர்' வழியாக அனுப்பிக் குளிர வைத்தார்கள். (ரெயில் என்ஜினில் இதற்கு 'ஆப்டர்கூலர்' என்று பெயர்.)

பிஸ்டன் கலவையை நசுக்கும் அளவை 7-க்கு 1 என்ற அளவுக்குக் குறைத்தார்கள். டர்போதான் முன்கூட்டியே அழுத்திவிடுகிறதே!

எளிதில் 'நாக்' ஆகாத 'டொலுவீன்' என்ற திரவத்தை எரிபொருளில் பெருமளவு கலந்தார்கள். ஹோண்டா கம்பெனி பயன்படுத்திய எரிபொருளில் 84 சதவீதம் டொலுவீன்தான்.

ரெனால்ட், பெராரி கம்பெனிகள் தண்ணீரைக் கூட சேர்த்துப் பார்த்தன. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக் கொள்ளும் அல்லவா?

பழைய இரும்பே பலம்

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி எடுத்துக்கொண்ட வழி வியப்பானது. அதன் தலைமை என்ஜின் நிபுணர் பால் ரோஷ் புதிதாக ஒன்றை வார்க்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் குடும்பக் காருக்காக உருவான 4 சிலிண்டர் வார்ப்பிரும்பு 'பிளாக்'கையே எடுத்தார். அதிலும் ரோட்டில் பல ஆயிரம் கிலோ மீட்டர் ஓடித் தேய்ந்த காரின் பிளாக்குகளைத் தேடி எடுத்தார்!

ஏன்? வார்த்த இரும்புக்குள் ஒருவித இறுக்கம் தங்கி இருக்கும். சூடாவதும் ஆறுவதுமாக ஆண்டுக்கணக்கில் ஓடியபின் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். அதன்பின் அது வளையாது, கோணாது. புது இரும்பைவிடப் பழகிய இரும்பை நம்பலாம் என்பது அவர் கணக்கு.

1982-ம் ஆண்டு ஜனவரியில் தென் ஆப்பிரிக்காவில் இந்த என்ஜின் பொருத்திய 'பிரபாம்' கார்கள் களம் இறங்கின. இரண்டும் நின்றுவிட்டன. ஜூன் மாதம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிரேசில் வீரர் நெல்சன் பிக்கே பந்தயத்தில் கலந்துகொள்ளும் தகுதியைக்கூடப் பெறவில்லை. ஆனால் ஒரே வாரத்தில், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் அவரே முதலாவதாக வந்தார்!

நடுவே நின்ற தோழன் 'போஷ்' கம்பெனியின் மின்னணுக் கருவி. எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில் பொறி என்பதை அது கணக்கிட்டுக் கொடுத்தது. மனிதக் கையால் அப்படித் திருத்த முடியாது.

பட்டம் போன கதை

1983-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. தென் ஆப்பிரிக்காவின் கயலாமி மைதானம். ஆண்டின் கடைசிப் பந்தயம். ரெனால்ட் வீரர் அலெய்ன் பிராஸ்டுக்கு 57 புள்ளி. பிக்கேக்கு 55.

டர்போவை முதலில் நம்பிய கம்பெனி ரெனால்ட். ஆறு ஆண்டு உழைப்புக்குப் பலன் கிடைக்க வேண்டிய நாள். ஆனால் 35-வது சுற்றில் பிராஸ்டின் கார் நின்றது. காரணம்? டர்போ பழுது!

முன்னால் போய்க்கொண்டிருந்த பிக்கே என்ன செய்தார் தெரியுமா? காற்றின் அழுத்தத்தைக் குறைத்தார். வேகத்தைத் தணித்தார். முதல் இடம் வேண்டாம், முடித்தால் போதும் என்று 3-வதாக வந்தார். 59 புள்ளியுடன் உலக சாம்பியன் ஆனார். டர்போ காரில் அந்தப் பட்டம் பெற்ற முதல் வீரர் அவர்தான். முதல் பந்தயத்தில் இருந்து பட்டம் வரை பி.எம்.டபிள்யூ.வுக்கு ஆனது 630 நாட்கள். சில நாட்களில் பிராஸ்ட் ரெனால்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

இரண்டு சுற்றுக்கு ஒரு என்ஜின்

அதன்பிறகு சக்திப் போட்டி வெறியாக மாறியது. 1986-ம் ஆண்டில் தகுதிச் சுற்றுக்கென்றே தனி என்ஜின் கட்டினார்கள். இரண்டு, மூன்று சுற்று ஓடினால் போதும். பிறகு பழைய இரும்பு! தங்கள் சோதனை மேடையில் 1,280 குதிரை சக்திக்கு மேல் அளக்க வசதி இல்லை என்று ரோஷ் சொன்னார்.

விதி வகுப்பவர்கள் கடிவாளம் போட்டார்கள். 1984-ல் ஒரு பந்தயத்துக்கு 220 லிட்டர் எரிபொருள்தான் என்றார்கள். 1986-ல் 195 லிட்டர். 1988-ல் 150 லிட்டர், காற்றழுத்தமும் 2.5 பாருக்கு மேல் கூடாது.

கடிவாளம் போட்டபோதுதான் உண்மையான கெட்டிக்காரர்கள் தெரிந்தார்கள். 1984-ல் சிக்கனமாக எரிக்கத் தெரிந்த போர்ஷ் என்ஜின், மெக்லாரன் கார்களுக்கு 16 பந்தயங்களில் 12 வெற்றி கொடுத்தது. 1988-ல் ஹோண்டா என்ஜினுடன் மெக்லாரன் 16-ல் 15 பந்தயங்களை வென்றது. சக்தி பழைய அளவில் பாதி. ஆனால் நின்று ஓடியது!

1989-ல் டர்போ தடை செய்யப்பட்டது. 2014-ல் மீண்டும் வந்தது. இப்போது 1.6 லிட்டர் என்ஜின். ஒரு ஆண்டு முழுவதற்கும் சில என்ஜின்களே அனுமதி. இரண்டு சுற்று ஓடி வீசிய காலம் போய்விட்டது.

நமக்கு என்ன பாடம்?

இன்று 1 லிட்டர் டர்போ கார்கள் நம் ரோடுகளிலும் ஓடுகின்றன. லாரிகளில் டர்போ எப்போதோ வந்துவிட்டது. மெக்கானிக்காகவும் டிரைவராகவும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர். அவர்கள் மனதில் வைக்கவேண்டிய சில செய்திகள் உண்டு.

டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. தரமான ஆயில், உரிய காலத்தில் மாற்றுவது. இதில் கஞ்சத்தனம் கூடாது.

வேகமாக ஓட்டி வந்ததும் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நிற்கும். கொதிக்கும் சக்கரத்தில் தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். ஓரிரு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டு அணையுங்கள்.

'கம்ப்யூட்டரை மாற்றினால் 30 குதிரை கூடும்' என்று யாராவது ஆசை காட்டினால், ஒரு கேள்வி கேளுங்கள். 'பிஸ்டனும், கூலரும், ஆயிலும் அதைத் தாங்குமா?' பதில் வராவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அழுத்தத்தைக் கூட்ட ஒரு திருகு போதும். கடைசி வரை ஓட வைக்கத்தான் தொழில் தெரிய வேண்டும்.