சாமைப் பையும் அச்சுப் படிப்பும்

ஜவ்வாது மலையில் விளைந்த சாமை மூட்டையாகப் போளூருக்கு இறங்கும்போது அதற்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. உமி நீக்கி, அரைக் கிலோ பையில் அடைத்து, பையின் மேல் ஜமுனாமரத்தூர் என்று அச்சிட்ட பிறகே அது இன்ன மலைச் சாமை ஆகிறது. விலையும் அங்கேதான் ஏறுகிறது. அந்த மலை ஊரில் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று இயங்குகிறது. ஆனால் பையை எதில் அச்சிடுவது, எத்தனை அச்சிடுவது என்பதை வேளாண்மைப் படிப்பும் சொல்லித் தராது, பி.காமும் சொல்லித் தராது. அதனால்தான் மலைப் பள்ளிகளில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் சிலராவது அச்சுத் தொழில்நுட்பத்தையும் வணிக மேலாண்மையையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்கிறேன்.

ஒரு பைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். உமி போன சாமையில் தவிட்டுக் கொழுப்பில் காற்றுப் பட்டால் சில வாரங்களில் காறல் வாடை எழும். காற்றையும் ஈரத்தையும் தடுக்க, பாலியெஸ்டர், அலுமினியத் தாள், பாலிஎத்திலீன் என்று படலங்களை ஒட்டிப் பை செய்வார்கள். எழுத்தைப் பாலியெஸ்டரின் உள்பக்கம் கண்ணாடி பிம்பம்போல் தலைகீழாக அச்சிடுவதால், மை இரண்டு படலங்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். மையில் கரைப்பான் சரியாக உலரவில்லை என்றால் அந்த வாடை சாமையில் ஏறிவிடும். உணவுப் பொதிகளின் மை ஐ.எஸ். 15495 தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதி விதிகள் சொல்கின்றன. செய்தித்தாளில் பண்டம் மடிப்பதைத் தடுப்பதும் அதே விதிகள்தான். எடை, அதிகபட்ச விலை, தயாரித்த நாள், 14 இலக்க உரிம எண், பச்சை சைவக் குறி எல்லாம் பையில் இருந்தாக வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று பார்கோடைச் சிவப்பில் அச்சிட்டால், கடைக்காரரின் ஸ்கேனர் வீசும் சிவப்பு ஒளியில் கோடுகள் மறைந்துபோய், பை பில்லுக்கு வராது.

இதெல்லாம் தொழில்நுட்பம். இத்தகைய படலங்களை அச்சிடும் கிராவூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு செம்பு பூசிய உருளை செதுக்க வேண்டும் என்ற இடத்தில் கணக்கு உள்ளே வந்துவிடுகிறது. முதல் பை வெளியே வருமுன்பே உருளைக்குப் பணம் போய்விடும். எந்திரத்தில் நிறமும், நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் ரெஜிஸ்டரும் சரியாக உட்காரும்வரை ஓடும் படலம் முழுவதும் வேஸ்ட். பெருமளவில் அச்சிட்டால் பை ஒன்றின் செலவு குறையும். ஆனால் விற்காத பைகளில் பணம் முடங்கும், விதி மாறினால் எல்லாம் குப்பை. பொறியியல் மட்டும் தெரிந்தவர் நல்ல பையைச் செய்து கடனில் மாட்டிக்கொள்வார். அச்சுக் கலையின் முதல் பெரிய பாடமும் இதுதான்: ஐரோப்பிய அச்சின் முன்னோடி குட்டன்பெர்க் 1455-இல் கடன் வழக்கில் தோற்று, பட்டறையை முதலீட்டாளர் ஃபஸ்டிடம் இழந்தார். ஃபஸ்டும் குட்டன்பெர்க்கிடம் வேலை பார்த்த ஷொஃபரும் 1457-இல் வெளியிட்ட பைபிள் சங்கீத நூலை உலகம் அச்சின் அற்புதம் என்று இன்றும் போற்றுகிறது. டொராண்டோ பல்கலைக்கழகங்களில் ஒன்றில் அச்சையும் மேலாண்மையையும் ஒரே பட்டமாகவே கற்பிக்கிறார்கள். நம் ஊரில் பொறியியல் பட்டத்துக்குள் மேலாண்மை ஒன்றிரண்டு தாள்களோடு முடிந்துவிடுகிறது. இது போதாது என்பது என் கருத்து.

கைப்பேசி வந்த பிறகு அச்சுக்கு என்ன எதிர்காலம் என்று கேட்பார்கள். பத்திரிகைகளும் பத்திரங்களும் குறைவது உண்மை. ஆனால் திரையில் சாமையை அடைக்க முடியாது. இணையத்தில் வாங்கும் பொருளும் அச்சிட்ட பெட்டியில்தான் வந்து சேர்கிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் படிப்பின் பெயரிலேயே அச்சோடு பேக்கேஜிங்கையும் சேர்த்துக்கொண்டது இதனால்தான். சிவகாசிக்குப் போய்க் கற்றுக்கொண்டால் போதாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அங்கே வளர்ந்த தொழில் அது. கை அறிவுக்கு அதைவிட நல்ல பள்ளி கிடைக்காது. ஆனாலும் பட்டறை தன்னிடம் உள்ள எந்திரத்தை ஓட்டத்தான் சொல்லித்தரும். எந்த எந்திரம் வேண்டாம் என்று முடிவெடுக்கும் அறிவு வேறு இடத்தில் வர வேண்டும்.

மலையிலிருந்து கிண்டிக்கு எப்படிப் போவது என்ற தயக்கமும் நியாயமானதே. 2021 முதல் பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பட்டம் வேண்டாம் என்பவர்களுக்குத் தரமணியில் அரசு அச்சுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் டிப்ளமோ இருக்கிறது. மேலாண்மையைப் பிறகு தொலைநிலைக் கல்வியில்கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டையும் படித்த ஒரு பெண் ஜமுனாமரத்தூருக்குத் திரும்பினால் முதலில் என்ன செய்வாள்? சாமைக்கு ஒன்று, புளிக்கு ஒன்று, மிளகுக்கு ஒன்று என்று தனித்தனி உருளை செதுக்க விடமாட்டாள். மலையின் பெயரும் படமும் மட்டும் உள்ள பொதுப் பை ஒன்றை இரண்டே நிறத்தில் மொத்தமாக அச்சிட்டு, முன்பக்கம் ஒரு வெற்றுக் கட்டம் விடுவாள். பொருளின் பெயர், விலை, தேதி எல்லாம் சிறிய டிஜிட்டல் லேபிளாக, தேவைக்கேற்ப ஊரிலேயே அடித்து அந்தக் கட்டத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.