கொட்டகையை இடிக்கும் முன்

இங்கிலாந்துக் கிராமங்களில் பழைய தானியக் கொட்டகைகள் வீடுகளாகிக்கொண்டிருக்கின்றன. கல்சுவரும் ஓக் உத்தரமும் உயர்ந்த ஓட்டுக்கூரையும் கொண்ட கட்டடங்கள். இன்றைய பெரிய விவசாய இயந்திரங்கள் அவற்றுக்குள் நுழையவே முடியாது. 2014 முதல், பல கொட்டகைகளை முழுத் திட்ட அனுமதி பெறாமலே குடியிருப்பாக மாற்றலாம் என்று விதி வந்தது. வாங்குகிறவர்கள் காலி இடம் என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள்.

தரையைக் குனிந்து பார்த்தால் காலி இல்லை என்பது தெரிந்துவிடும். சுவரோரம் எலிப் புழுக்கை மாதிரி கிடப்பதைக் காகிதத்தில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். எலியுடையது கெட்டியாக நிற்கும். வௌவாலுடையது பொடியாக உதிரும். அதில் பூச்சிகளின் ஓட்டுத் துணுக்குகள் மினுங்கும். உத்தரத்தின் கீழே கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடந்தால் மேலே கூகை இருக்கிறது. செரிக்காத எலி மயிரையும் எலும்பையும் அது உருட்டிக் கக்கியவை அவை. கூகை கூடு கட்டுவதில்லை, இந்தக் குவியலின் மேலேயே முட்டையிடும். குப்பை என்று வாரிக் கொட்டினால் போவது அதன் தொட்டில்தான். அந்தக் காலத்து விவசாயிகளுக்கு இதன் அருமை தெரியும். தானியத்தைத் தின்னும் எலியைப் பிடிக்கட்டும் என்று சுவரின் உச்சியில் கூகைக்கென்றே ஓட்டை விட்டுக் கட்டினார்கள்.

குஞ்சு பொரிக்கும் கூகையைத் தொந்தரவு செய்வது 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். வௌவால் விஷயத்தில் சட்டம் இன்னும் கறார்: அவை வெளியே போயிருக்கும் மாதங்களிலும் அந்தத் தங்கிடத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அது நியாயமும்கூட. சில கிராம் எடையே உள்ள பிப்பிஸ்ட்ரெல் வௌவால் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் ஈனும். தாய்கள் கோடைதோறும் பழகிய கூரைகளுக்கே கூட்டமாகத் திரும்பி வரும். ஒரு கூரை போனால் ஒரு வட்டாரத்துத் தலைமுறையே போய்விடலாம்.

வௌவால் தங்கும் கட்டடத்தை இடிக்க அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ‘நேச்சுரல் இங்கிலாந்து’ தரும் உரிமம் வேண்டும். அதற்கு முன் ஆய்வு வேண்டும். அந்தியில் அவை வெளியேறுவதை எண்ணும் ஆய்வு மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும். வரைபடம், கடன், கொத்தனார் எல்லாம் முடிவான பிறகு அக்டோபரில் ஆய்வாளரைக் கூப்பிடுகிறவர் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். அந்த எரிச்சல் வௌவால் மேல் திரும்புகிறது. படம் வரைய உட்காருவதற்கு முன்பே ஆய்வு நடந்தால் இந்தப் பகை வராது.

மாற்றிடம் தருவதிலும் ஒப்புக்குச் செய்கிறார்கள். மரத்தில் ஒரு பெட்டியை மாட்டினால் கணக்குத் தீர்ந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். புது வீட்டின் கூரைக்குள்ளேயே கூகைக்கு நிரந்தர அறை விடலாம். வாசலிலிருந்து தரை 45 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் குஞ்சுகள் பறக்கும் முன்பே வெளியே வந்து விழுந்துவிடும். வௌவாலுக்கு ஓட்டின் அடியில் விரல் நுழையும் இடுக்கு போதும். ஆனால் அங்கே இன்று பரவலாகப் போடும் காற்றுப்புகும் விரிப்பைப் போட்டால் நாளடைவில் அதன் இழைகள் பிரிந்துவரும். வௌவாலின் நகம் அதில் சிக்கி, தொங்கியபடியே செத்துப்போகும். அந்த இடத்தில் பழைய பிட்டுமன் விரிப்புத்தான் வேண்டும் என்று கூரை போடுகிறவரின் கையில் உள்ள படத்திலேயே எழுதிவிட வேண்டும்.