சும்மா இருக்கும் பிரேக்கர்

தொழிற்சாலை மின் பேனலில் பல ஆண்டுகளாக ஒருமுறைகூட டிரிப் ஆகாத சர்க்யூட் பிரேக்கரைக் காட்டி, 'இதுவரை ஒரு தொந்தரவும் தந்ததில்லை' என்று பெருமைப்படுவார்கள். லைனில் பழுது வரவில்லை என்பதற்கு மேல் அதில் எந்தச் சான்றும் இல்லை. மோட்டாரும் பம்பும் தங்கள் கோளாறை ஓடும்போதே சத்தமாகவோ சூடாகவோ சொல்லிவிடும். பிரேக்கரின் வேலையோ என்றைக்கோ ஒருநாள், நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுவது. மற்ற நாளெல்லாம் அதன் ஸ்பிரிங், லாட்ச், தண்டு எதுவும் அசைவதில்லை. அப்படி அசையாமல் இருக்கும்போதுதான் கிரீஸிலுள்ள எண்ணெய் வற்றிப் பிசினாகிறது. வெளியே பார்த்தால் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும்.

1983 பிப்ரவரி 25 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள சேலம் அணுமின் நிலையத்தில் (நம் சேலத்துக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்) இது வெளிப்படையாகத் தெரிந்தது. முதல் யூனிட்டின் நீராவி ஜெனரேட்டரில் நீர்மட்டம் தாழ்ந்ததும், உலையை நிறுத்தத் தானியங்கிக் கட்டளை போனது. அதற்கென இருந்த இரண்டு பிரேக்கர்களில் ஒன்று திறந்திருந்தாலே போதும், இரண்டுமே திறக்கவில்லை. அரை நிமிடத்துக்குள் ஆபரேட்டர் கையால் நிறுத்திவிட்டார். லாட்ச்சைத் தட்டிவிட வேண்டிய ஒரு சிறு பாகம், முறையான பராமரிப்பும் மசகும் இல்லாமல் சிக்கிக்கொண்டதாக விசாரணையில் தெரிந்தது. அந்தப் பாகத்தைப் பராமரிப்பது பற்றித் தயாரிப்பாளரான வெஸ்டிங்ஹவுஸ் 1974லேயே எழுதி அனுப்பியிருந்தது. இன்னொன்றும் விசாரணையில்தான் வெளிவந்தது. மூன்று நாள் முன்பும் அதே பிரேக்கர்கள் தானியங்கிக் கட்டளைக்குத் திறக்கவில்லை. அன்று ஆபரேட்டர் ஏறக்குறைய அதே கணத்தில் கையால் நிறுத்தியதால், அந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் போனது.

நம் பராமரிப்புப் பழக்கமும் இதே மாதிரித் தடயத்தை அழிக்கிறது. ஷட்டவுன் நாளில் பிரேக்கரை நாலைந்து தடவை ஆன், ஆஃப் செய்து 'ஃப்ரீ' ஆக்கிவிட்டுத்தான் பலர் டெஸ்ட் கருவியையே மாட்டுகிறார்கள். இறுகிய கிரீஸ் முதல் அசைவிலேயே இளகிவிடும்; அதன்பிறகு அளக்கும் நேரம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். பழுது வரும் நாளில் பிரேக்கருக்கு அப்படி ஒத்திகை கிடைக்காது. ஆகவே பதிவு செய்ய வேண்டியது முதல் டிரிப்பின் நேரம். பேனலுக்குள் மின்வில் எழுந்தால் அது உமிழும் ஆற்றல் நேரத்தோடு பெருகும்: 0.1 நொடியில் அறுபட வேண்டியது 0.5 நொடி எடுத்தால், எதிரே நிற்பவர்மேல் ஐந்து மடங்கு விழும். பிரேக்கரின் டிரிப் செட்டிங்கும் இப்படித்தான் மௌனமாக இருந்து ஏமாற்றும். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது முழு லோடு கரண்ட்டைப்போல ஆறேழு மடங்கு இழுக்கும். அதில் பிரேக்கர் விழுந்தால், உற்பத்தி நெருக்கடியில் யாரோ டயலைக் கூட்டிவிடுகிறார்கள். தொந்தரவு தீர்ந்ததுபோல் இருக்கும். ஒருநாள் நிஜமான ஷார்ட் வரும்போது, அந்த மோட்டாரின் ஃபீடர் பிரேக்கர் அசையாமல் இருக்க, மெயின் இன்கமர் விழுந்து ஆலை முழுவதும் இருண்டுபோகும்.

'ஓடுவதை ஏன் நோண்ட வேண்டும்' என்ற கேள்வியில் பாதி நியாயம் உண்டு. துரு நீக்கும் ஸ்பிரே அடித்துக் கம்பெனி கிரீஸைக் கழுவிவிடுவது, பராமரிக்காமல் விடுவதைவிட மோசம். ஆனால் அந்த வாதம் தவறான பராமரிப்புக்குத்தான் எதிரானது. புதிய எலெக்ட்ரானிக் ரிலேக்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் என்பதும் உண்மையே. அவை தம் சர்க்யூட்டையும், சிலவற்றில் டிரிப் காயில் வயரையும் கவனிக்கும். லாட்ச் இறுகியிருப்பது அவற்றுக்குத் தெரியாது. சேலத்திலும் கட்டளை சரியாகத்தான் போனது, இரும்புதான் நகரவில்லை. உற்பத்தி நிற்குமே என்ற கவலைதான் கடைசி ஆட்சேபம். வருடாந்திர ஷட்டவுனைத் தொடங்கவே அந்த பிரேக்கரை ஒருமுறை திறக்கத்தான் போகிறோம். டிரிப் காயிலின் கரண்ட்டைப் பதிவு செய்யும் கிளாம்ப்பை அதற்கு முன்பே வயரில் மாட்டிவைக்கலாம். சப்ளையை நிறுத்த வேண்டியதில்லை.