பழைய பிக்கப் வண்டி பழுதுற்றால் ஓட்டலாமா, நிறுத்தலாமா?

இறக்கிய பால் நமக்காகக் காத்திருப்பதில்லை. அதனை ஏற்றிய வண்டி வழியில் நின்றுவிட்டால், சில மணி நேரத்தில் பால் உறைந்து கட்டியாகி, விலையும் குறைந்துவிடும். இவ்வச்சத்தினால், பழுதுற்ற வண்டியையும் எப்படியாவது ஓட்டிச் செல்ல முயல்வோர் உளர். எந்தப் பழுதை நாமே நீக்கலாம், எதனைக் கண்டால் வண்டியை நகர்த்தவே கூடாது என்பதை அறிந்திருத்தல் நன்று. டீசலில் ஓடும் பழைய பிக்கப் வண்டிகளில் அடிக்கடி நேரும் நான்கு பழுதுகளை இங்குக் காண்போம்.

1. சாவியைத் திருப்பினால் 'டக், டக்' என்னும் ஒலி மட்டும் கேட்டல்

பெரும்பாலும் பேட்டரி வலுவிழந்திருக்கும். அல்லது அதன் முனைகள் தளர்ந்தோ, பொடி பூத்தோ இருக்கும். எஞ்சினை நிறுத்தி, முதலில் எதிர்மின் (–) கம்பியையும் பின்னர் நேர்மின் (+) கம்பியையும் கழற்றுங்கள். பேட்டரியின் மூடிகள் இறுகியுள்ளனவா எனப் பார்த்தபின், வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவினால் முனைகளைக் கழுவித் துடையுங்கள். பூட்டும்போது நேர்மின் கம்பியே முதலில் வரவேண்டும். பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அருகில் சிகரெட் ஆகாது.

2. எஞ்சின் சுழன்றும் இயங்காதிருத்தல்

டீசல் முற்றும் தீர்ந்து மீண்டும் நிரப்பப்பட்டதாயின், குழாயில் காற்று புகுந்திருக்கும். டீசல் வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தி, கைப்பம்பை அழுத்துங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது திருகை முடுக்குங்கள். வடிகட்டியின் அடியில் நீர் தேங்கியிருந்தால் அதனையும் வடித்துவிடுங்கள்.

3. எஞ்சின் கொதித்தல்

வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை எட்டினால், உடனே ஓரமாக நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் சீறி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். அரைமணி நேரமேனும் ஆறவிட்டு, தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பின்னரே துணியால் பற்றி மெல்லத் திறக்க வேண்டும். ரப்பர்க் குழாய் வெடித்துள்ளதா, ஃபேன் பெல்ட் அறுந்துள்ளதா, ரேடியேட்டரின் முகத்தில் செம்மண் அடைத்துள்ளதா என்று பாருங்கள்.

4. பிரேக் மிதி தாழ்ந்துபோதல்

பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தால் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மிதித்தபடியே இருக்கையில் மெல்லக் கீழிறங்கினால் எண்ணெய் கசியலாம். சக்கரத்தின் உட்புறம் ஈரம் தென்படுகிறதா என நோக்குங்கள். எண்ணெயை ஊற்றி நிரப்புவதால் மட்டும் இப்பழுது நீங்காது. வண்டியை அங்கேயே நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பட்டறைக்காரரை வரவழையுங்கள். மேட்டிலும் பள்ளத்திலும் சுமையோடு இறங்கும் தோட்டப் பாதையில், இதனைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவது பேராபத்தாகும்.

புறப்படுமுன் ஐந்து நிமிடம் செலவிட்டு, பிரேக் எண்ணெய், எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டர் நீர், பேட்டரி முனைகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் இவற்றுட் பலவற்றைத் தவிர்க்கலாம். உறைந்த பாலையும் விற்றுக் காசாக்கலாம். போன உயிர் மீளாது என்பதை ஓட்டுநரும் உடன் செல்வோரும் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.