கரண்ட் கேட்காத ஃபிரிட்ஜ்!

கரண்ட் இல்லாத ஃபிரிட்ஜ் என்றால் சிரிப்பீர்கள். குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி 2005-ல் அதைக் களிமண்ணிலேயே செய்து காட்டிவிட்டார்! பெயர், 'மிட்டிகூல்'. மேலே ஊற்றும் தண்ணீர் மண்சுவரில் கசிந்து ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் சூட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நம்ம கண்ணமங்கலத்துச் சித்திரை வெயிலில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இதே சூத்திரம் கைகொடுக்கும். பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்குங்கள். மருந்தை நனையாதபடி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். மணல் காயக்கூடாது.

புழக்கத்தில் உள்ள மருந்துக்குத்தான் இது. பிரிக்காத மருந்துக்கு நிஜ ஃபிரிட்ஜ்தான். இன்னொன்று: மருந்து கெட்டுவிடுமோ என்று பயந்தோ, மூலிகையை நம்பியோ, ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!