சேற்றிலிருந்து ரத்தத்துக்கு!

"சாதா காய்ச்சல்தானே, ஒரு ஊசி போட்டா சரியாப் போயிடும்!" மதகடிப்பட்டு பக்கம் நடவு வேலை பார்க்கிற உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் இருந்தால், தயவுசெய்து இப்படி விட்டுவிடாதீர்கள்.

ஈர மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே உடம்புக்குள் நுழைந்துவிடும். நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். 1912-ல் ரங்கூனிலிருந்து இதை முதலில் விவரித்து எழுதியவர்கள் விட்மோர் என்ற ஆங்கிலேய டாக்டரும், கிருஷ்ணசாமி என்ற நம்மவரும். புதுவை ஜிப்மர் டாக்டர்களும் இந்நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள்.

கிருமி ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளிலேயே ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிலருக்கோ இருமல், எடைக்குறைவு என்று மெல்ல வரும். பார்க்க அசல் டி.பி. மாதிரியே இருக்கும், டாக்டரையும் குறை சொல்ல முடியாது!

ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கிற 'பிளட் கல்ச்சர்'தான் வழி. ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே எடுத்துவிட்டால் நல்லது. ஜென்டாமைசின் ஊசி இதனிடம் பெரும்பாலும் பலிக்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 2 வாரம், பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரை 3 மாதமாவது வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் திரும்பி வரும்.

'சுகர் இருக்கு, சேத்துல வேலை பாக்கறவர்' என்று டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். லேபில் இதை வேறு கிருமியென்று நினைத்துத் தள்ளிவிடுவதும் உண்டு.